ஓவனை நிறுத்துவது எந்தப் பக்கம்

அன்பு மகள் சர்மிளாவுக்கு பொகவந்தலாவையிலிருந்து அம்மா எழுதிக்கொள்வது. நீ கை கால் சுகத்தோடு, வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாகத் தூங்கி எழுந்து இருக்க வேண்டும் என்று மாரியம்மாவைக் கும்பிட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுத வேண்டிய இடம் இது. எழுதிவிட்டு மற்றதை எழுதினால் முதல் வரியே பொய்யாகிவிடும், அதனால் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்று எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. போன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் உன் தம்பி கையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நீ எடுக்கும்போது பிரதாப் ஒரு பக்கம், அவன் பெண்சாதி நிஷாந்தி ஒரு பக்கம், அடுத்த காம்பராவிலிருந்து பூரணி வேறு கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பாள், இதில் நான் என்னத்தைப் பேசுவது? சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழையா, மழைதான், அதோடு முடிந்தது. நம்முடைய தோட்டத்துக் கீழ் டிவிசன் சுலக்ஷனா லீவு முடிந்து இந்த ஞாயிற்றுக்கிழமை குவைத்துக்குத் திரும்பிப் போகிறாள், அவள் வேலை செய்கிற வீடு உன் மேடம் வீட்டுத் தெருவிலேயே இருக்கிறதாம், கையிலேயே கொடுத்துவிடுகிறேன் அத்தை என்று சொன்னாள். அவளிடம் கொடுத்துவிட நல்லெண்ணெயும் இடித்த மிளகாய்த்தூளும் கட்டி வைத்திருக்கிறேன், தூளை இரண்டு பையில் போட்டிருக்கிறேன், பிரிக்கும்போது கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்.

அப்பா இன்னும் தேயிலைப் பேக்டரியில் இரவு வாச்சர் வேலைக்குத்தான் போகிறார், வேண்டாம் என்று சொன்னால் காது கேட்பதில்லை, சம்பளம் என்று சொன்னால் மட்டும் கேட்கிறது. நெஞ்சுச் சளி விட்டபாடில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுக்கிற வெள்ளை மாத்திரையை விழுங்கிவிட்டு மறுபடியும் மழையில் போய் நிற்கிறார். நிஷாந்தியின் குழந்தை சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கிவிட்டாள், பல் வந்திருக்கிறது, எல்லோரையும் கடிக்கிறாள். பிள்ளைக் காம்பராக் கட்டிடம் ஒழுகுகிறது என்று இப்போது நம்முடைய லயத்து வரிசையிலேயே கடைசி வீட்டுக் காம்பராவைத்தான் பிள்ளைக் காம்பராவாக ஆக்கியிருக்கிறார்கள். நாங்கள் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனபிறகு லயத்துச் சின்னஞ்சிறுசுகள் எல்லாம் பகல் முழுக்க அங்கேதான் கிடக்கும். இதை எதற்கு எழுதுகிறேன் என்று பிறகு உனக்கே விளங்கும்.

நீ அனுப்பிய ஓவனைப் பற்றித்தான் எழுத வந்தேன். உன் மேடம் சமைக்கிற குசினியை உடைத்துப் புதிதாகக் கட்டியபோது பழையதை உனக்கே கொடுத்தாள் என்று நீ கார்கோவில் போட்டாயே, அது வந்து இறங்கிய அன்று லயமே நம் வாசலில் நின்றது. நீ போனில் அழுதாய், நானும் அழுதேன். இனி யார் வீட்டுக் குசினியிலும் நிற்க மாட்டேன் அம்மா, வந்து பஸாரில் கேக் கடை போடுவேன், அதுவரைக்கும் தம்பி நடத்தட்டும் என்று சொன்னாய். அந்தச் சொல்தான் என் வாயை இன்றைக்கு வரை கட்டி வைத்திருக்கிறது. உன் ஓவனைக் குறை சொன்னால் நீ திரும்பி வருகிற வழியில் நானே முள்ளை வெட்டிப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று பயம்.

பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் அதற்கு மேல் தோல் இல்லை, முன்பக்கம் மட்டும் கண்ணாடிக் கதவு பளபள என்று இருக்கிறது, மற்றப் பக்கமெல்லாம் வெறும் தகரம். இது சுவருக்குள் புதைத்து வைக்கிற சாதி என்று நிஷாந்தி கண்டுபிடித்தாள். நம்முடைய சுவரில் எதைப் புதைப்பது, ஆணி அடித்தாலே சுண்ணாம்பு கொட்டுகிறது. பிரதாப் மூக்கன் ஆசாரியைக் கூட்டிவந்து பலகையில் ஒரு அலுமாரி அடித்து அதற்குள் தள்ளினான். விரல் நுழைய இடமில்லை. பின்பக்கம் எலி வரும் என்று அதையும் பலகை வைத்து அடைத்துவிட்டான். மூச்சு விட இடம் விடணுமாம் என்று நிஷாந்தி எதையோ பார்த்துவிட்டுச் சொன்னாள், அது என்ன மாடா மூச்சு விட என்று கேட்டு அவள் வாயை அடைத்தான். ஓவனின் வயருக்கு நுனியில் பிளக் இல்லை, தடித்த வயர், நம்முடைய வீட்டு வயர் அதற்குப் பக்கத்தில் நூல் மாதிரி. அந்த நூலில்தான் இதைக் கட்டியிருக்கிறான். முதல் நாள் போட்டவுடன் ட்ரிப் சுவிட்ச் விழுந்தது, தூக்கிவிட்டான், மறுபடி விழுந்தது. வயர்மேனைக் கூப்பிடு என்று அப்பா சொன்னார். இவனும் இவன் கூட்டாளியும் சேர்ந்து ட்ரிப் சுவிட்சையே தள்ளி வைத்துவிட்டு வயரை நேராக இழுத்துவிட்டார்கள், நடுவில் அணைக்க ஒரு சுவிட்சும் இல்லை. இப்போது விழ வேண்டியது எதுவும் இல்லை, அதனால் விழுவதில்லை. கேக் வேகும்போது அந்த வயரைத் தொட்டால் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி சுடுகிறது. அது கூரைக் கட்டையோடு போகிறது, அந்தக் கட்டை லயத்தின் இந்த முனையிலிருந்து பிள்ளைக் காம்பரா வரைக்கும் ஒரே கட்டை, உனக்குத் தெரியாததா.

ஆனாலும் கேக் நன்றாக வருகிறது, பொய் சொல்லக்கூடாது. முதலில் என்ன செய்தாலும் சூடேறவில்லை, அதில் மணி காட்டுகிற நம்பர் மட்டும் மின்மினிப் பூச்சி மாதிரி மின்னிக்கொண்டே இருந்தது, கெட்டுப்போனதைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்று நான் உன் மேடத்தைக்கூட ஏசினேன், அந்தப் புண்ணியவதி மன்னிக்கட்டும். பிறகு நிஷாந்திதான் இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கி மணியைச் சரியாக வைத்தால்தான் அது வேலை செய்யும் என்று கண்டுபிடித்தாள். கரண்ட் போய் வந்தால் மணி அழிந்துவிடும், மறுபடியும் முதலிலிருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும், அதுவரை சூடேறாது. எவ்வளவு நேரம் வேக வேண்டும், எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்று அமுக்கி வைத்தால் இங்கிலீஷ் ஏ எழுத்து ஒன்று எரியும், நேரம் வந்ததும் அது தானாகவே தொடங்கி தானாகவே நின்றுவிடும், நிஷாந்தி கெட்டிக்காரப் பெண்தான், நான் ஒத்துக்கொள்கிறேன். சாயங்காலம் லயம் முழுக்க லைட் போட்டால் கரண்ட் இறங்கிவிடுகிறது, ஓவன் சூடேறுவதில்லை. பகலில்தான் கரண்ட் நன்றாக இருக்கிறது, பகலில் நாங்கள் எல்லோரும் மலையில், அப்பா இரவு வேலை முடிந்து வந்து உள்ளே தூக்கத்தில். அதனால் இவர்கள் கண்டுபிடித்த வழி, விடியற்காலையில் மாவைக் கரைத்து உள்ளே வைத்து, பத்து மணிக்குத் தொடங்கு என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கப் போய்விடுவது. பகல் சாப்பாட்டுக்கு வந்தால் கேக் தயார். விழித்துப் பார்க்க ஆளில்லாத வீட்டில் அடுப்பெரிகிறது சர்மி, நம்முடைய பரம்பரையில் யாராவது செய்வார்களா? வெளியே போகிறபோது அடுப்புக் கொள்ளியை இழுத்துத் தண்ணீர் தெளிக்காமல் நான் ஒருநாளாவது வாசலைத் தாண்டியிருப்பேனா? சொன்னால், இது விறகு அடுப்பு இல்லம்மா, இதுக்குப் புத்தி இருக்கு என்கிறான்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேள். வழக்கம்போல மாவை வைத்துவிட்டு நாங்கள் போய்விட்டோம். அப்பா பேக்டரியிலிருந்து வந்து தன் சாவியால் திறந்திருக்கிறார், சொட்டச் சொட்ட நனைந்து. அடுப்பில் நெருப்பில்லை. நனைந்த கம்பளியை அடுப்புக்கு மேல் கொடியில் போடுவதுதான் அவர் வழக்கம், லயத்தில் யார் வீட்டிலும் வழக்கம், சூட்டை வீணாக்கினால் நமக்கெல்லாம் தூக்கம் வராது. அடுப்பு ஆறிக் கிடந்தது. பத்து மணிக்கு இந்தப் பெட்டி தானாகச் சூடாகும் என்று அவருக்குத் தெரியும், மகனும் மருமகளும் தினமும் அதைத்தானே பேசுகிறார்கள். கதவைத் திறந்து, கேக் தட்டுக்குக் கீழே கம்பளியை நான்காய் மடித்து வைத்துவிட்டு, உள்காம்பராவில் போய்ப் படுத்துக்கொண்டார். உள்பக்கம் பிளாஸ்டிக் துணி தைத்த கம்பளி அது, நீ அனுப்பியதுதான். வாசல் கதவையும் குளிருக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் எங்கேயோ மரம் விழுந்து டிவிசன் முழுக்க கரண்ட் போய்விட்டது. நான் மதியம் வந்து தட்டு தட்டு என்று தட்டி எழுப்பினேன். குசினிக்குள் போனால் கரண்ட் திரும்ப வந்து மணி மின்னிக்கொண்டிருக்கிறது, மாவு பச்சையாக இருக்கிறது, அதற்குக் கீழே கம்பளி. கம்பளியின் ஒரு நுனி பின்னால் அந்தக் காற்றாடி இருக்கிற துளைக்குள்ளேயே போய் இருக்கிறது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மரம் விழாமல் இருந்திருந்தால் என்று ஒரு தடவை நினைத்தேன், அதற்குமேல் நினைக்க முடியவில்லை. உள்ளே படுத்திருக்கிற மனுசன், மேலே அந்தக் கட்டை, அந்தக் கோடியில் பிள்ளைகள். உடப்புசல்லாவையில் உன் சின்னம்மாவின் லயம் எரிந்தபோது நீ சின்னப் பிள்ளை, பிறகு அவர்கள் எவ்வளவு காலம் பள்ளிக்கூடத்துத் தரையில் கிடந்தார்கள் என்று உனக்கு ஞாபகம் இருக்கும்.

அப்பாவிடம் கேட்டேன். இத்தனை வருசமா அடுப்புக்கு மேலதான காயப்போடுறேன், எரிஞ்சா போச்சு என்று திருப்பிக் கேட்கிறார். அவருக்கு அடுப்பென்றால் அடுப்புதான். பிரதாப்பிடம் சொன்னேன். அவன் அப்பாவைப் பார்த்து ஒரு சத்தம் போட்டான், வயசான மனுசனை அப்படிப் பேசலாமா, அவர் அன்றைக்குச் சாப்பிடாமலே வேலைக்குப் போனார். பிறகு என்னிடம் திரும்பி, ஒன்னும் ஆகலதானம்மா, ஆகாததுக்கு ஏன் அழுவுற என்கிறான். ட்ரிப் சுவிட்சைத் திரும்பப் போடு என்றேன், போட்டால் ஓவன் ஓடாதாம். அலுமாரியின் பின்பலகையையாவது கழற்று என்றேன், ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம் என்றான். ஞாயிற்றுக்கிழமை பூரணி மகளின் சடங்குக்குப் பெரிய கேக். பூரணியிடம் போய்ச் சொல்லலாம் என்று அவள் வாசல் வரைக்கும் போனேன். மகளுக்கு ரோசாப்பூ கலரில் கிரீம் வேண்டும் அக்கா என்று அவள் சிரித்துக்கொண்டு நின்றாள், என்னத்தைச் சொல்வேன்? உன் மகளுக்குக் கேக் சுடுகிற பெட்டி உன் கூரைக்கும் சேர்த்துத்தான் கொள்ளி வைத்திருக்கிறது என்றா? சொன்னால் லயமே திரண்டு வரும், பிரதாப்பை நாலு பேர் முன்னால் நிறுத்த மனம் வரவில்லை. தோட்டத்து ஆபீசில் சொன்னால் கரண்டை வெட்டிவிட்டுக் காம்பராவையும் திருப்பிக் கேட்பார்கள். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவது? என் வயதுக்கு இவ்வளவு கையாலாகாமல் நான் எப்போதும் இருந்ததில்லை. உன்னை விமானத்தில் ஏற்றிவிட்டு வந்த அன்றைக்குக்கூட அழுவதற்காவது முடிந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே வழி, கேக் போடுகிற நாளில் வேலைக்குப் போகாமல் அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். இடுப்பு வலி என்று கங்காணியிடம் பொய் சொல்கிறேன். முதல் நாள் ஒரு வாளித் தண்ணீரோடு உட்கார்ந்தேன், கரண்டில் தண்ணீர் ஊற்றினால் உங்களைத்தான் முதலில் தூக்கும் மாமி என்று நிஷாந்தி சொன்னாள், நல்லவேளை சொன்னாள். இப்போது மணல் வாளி. கண்ணாடிக்குள் லைட் எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது, நான் வயரைப் பார்க்கிறேன், கட்டையைப் பார்க்கிறேன், மோந்து மோந்து பார்க்கிறேன். ஒருநாள் அலுமாரிக்குப் பின்னாலிருந்து பலகை கருகுகிற வாடை வந்தது. நிறுத்திவிடுவோம் என்று எழுந்தேன். அங்கேதான் விசயம் இருக்கிறது சர்மி. அதை நிறுத்துவது எப்படி என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

சிரிக்காதே. இரண்டு திருகு இருக்கிறதே, அவற்றைச் சுற்றி இருந்த படமும் நம்பரும் ஒன்றுகூட இல்லை, எல்லாம் தேய்ந்து வழுவழு என்று இருக்கிறது. யார் தேய்த்தது, நீதானே. தினமும் பளிச்சென்று துடைக்க வேண்டும், ஒரு கைரேகை இருந்தால் மேடம் ஏசுவாள் என்று சொல்வாயே, அந்த நாலு வருசமும் அதில் இருக்கிறது. என் பிள்ளை எவ்வளவு அழுத்தித் தேய்த்திருக்கிறாள் என்று விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். பிரதாப் நிறையக் கேக்கைக் கருக்கிப் பார்த்து, சரியாக வேகிற இடத்தைக் கண்டுபிடித்து, இரண்டு திருகும் அசையாமல் இருக்க டேப்பை ஒட்டி வைத்துவிட்டான். தொடக்கமும் முடிவும் மணிதான் பார்த்துக்கொள்கிறது, திருகில் கைவைக்கவே கூடாது என்று உத்தரவு. அன்றைக்கு நான் டேப்பைப் பிய்த்து ஒன்றைத் திருகினேன். நின்றுவிடும் என்று பார்த்தால் மேலே இருக்கிற கம்பி செக்கச் செவேல் என்று எரிய ஆரம்பித்தது. பயந்துபோய் மறுபக்கம் திருப்பினேன், எந்த இடத்தில் விட்டேன் என்று எனக்கே தெரியாது, கடைசியில் அது தன்பாட்டுக்கு முடிந்து நின்றது. கேக் மேலெல்லாம் கரி. நிஷாந்தி அழுதாள், இனிமே இதுகிட்ட வராதம்மா என்று பிரதாப் கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிட்டது மரியாதைக்கு இல்லை. கருகிய வாடை கேக்கிலிருந்துதான் வந்தது என்று அவன் முடிவு பண்ணிவிட்டான், நான் என்ன சொன்னாலும் இனி எடுபடாது.

அதனால் உன்னிடம் வருகிறேன். பிரதாப் உன் சொல்லைத் தட்ட மாட்டான், ஓவன் உன்னுடையது. வயர்மேனைக் கூப்பிட்டுத் தனியாகத் தடித்த வயர் இழுக்க வேண்டும், ட்ரிப் சுவிட்ச் இருக்க வேண்டும், அலுமாரிக்குப் பின்னால் காற்றுப்போக வேண்டும், வீட்டில் பார்க்க ஆளில்லாதபோது மணி வைத்துவிட்டுப் போகக்கூடாது, கேக்கைத் தவிர வேறொன்றையும் உள்ளே வைக்கக்கூடாது. இதையெல்லாம் நீயே நினைத்துச் சொல்கிற மாதிரி சொல். அம்மா எழுதினாள் என்று மூச்சு விடாதே, பிறகு இந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்காது. இத்தனையும் செய்ய முடியாது என்றால் அது சும்மா கிடக்கட்டும், நீ வரும்வரைக்கும் மேலே துணி போட்டு வைக்கிறேன். உன் கனவுக்குக் குறுக்கே நிற்கிறேன் என்று நினைக்காதே பிள்ளை. நீ வந்து இறங்குவதற்கு ஒரு வீடு இருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும்.

நீயும் கவனம். இப்போது உனக்குப் புதிய ஓவன் என்றாய், கதவைத் திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொண்டு திற, ஆவி கண்ணில் அடிக்கும். தட்டை ஈரத்துணியால் பிடிக்காதே, ஈரம் சூட்டை உடனே கைக்குக் கொண்டுவந்துவிடும், இங்கே நிஷாந்தி அப்படித்தான் இரண்டு விரலைக் கொப்புளமாக்கிக்கொண்டாள். நின்ற பிறகும் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தால் சூடு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். மேடத்தின் கடைக்குட்டி கண்ணாடிக் கதவைப் பிடித்து நிற்கப் பார்க்கும், சுட்டுக்கொண்டால் பழி உன்மேல்தான் விழும். தலைக்கு எண்ணெய் வை. அவசரத்தில் நின்றுகொண்டே சாப்பிடாதே. அடுத்த இரண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒருதடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகிறாயா என்று அப்பா கேட்கச் சொன்னார், அவர் கேட்டதாகத்தான் எழுதுகிறேன்.

மாரியம்மா உன்னை ஒரு குறையும் இல்லாமல் காப்பாத்தட்டும், உன் கைக்கு நோவு வராமல் இருக்கட்டும், நினைத்தபடியே கடையும் வாழ்வும் அமையட்டும், பிள்ளைக்கு எங்கள் இருவர் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பிரதாப் கேட்பதற்குள் நாள் போய்விடலாம், அதுவரைக்கும் நான்தான் அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கப் போகிறேன், எனக்கு நிறுத்தத் தெரிய வேண்டும். அந்தத் திருகைப் பார்த்துச் சொல்ல இனி உலகத்தில் யாருமில்லை, உன் கைக்கு மட்டும்தான் தெரியும். இது உன் கைக்குக் கிடைத்ததும் வருகிற வெள்ளிக்கிழமை வீடியோவில் பேசும்போது வாயால் எதுவும் சொல்ல வேண்டாம். கையைத் தூக்கி, ஓவனுக்கு முன்னால் நிற்கிறதாக நினைத்துக்கொண்டு, அதை நிறுத்துகிற மாதிரி ஒருதடவை திருப்பிக் காட்டு. சும்மா கையாட்டுகிறாய் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். மெதுவாகத் திருப்பு, எனக்குக் கண் முன்னைப் போல இல்லை.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமையைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா வேலாயி